பாரி லிண்டன்: மெதுவான ஒரு படமும் அதைச் சுற்றிய வாதங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1975 டிசம்பரில் வெளியான ‘பாரி லிண்டன்’ படத்தைப் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டால், இதைவிட அழகான படம் உண்டா என்று ஒருவர் கேட்பார்; அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன் என்று இன்னொருவர் சொல்வார். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக இந்தப் படத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டிருக்கிறது. கதையின் முடிவு பல பதில்களில் வெளிப்படையாகப் பேசப்படுகிறது. படமே தன் முடிவை ஒளித்து வைக்கவில்லை என்பதால் அதனால் பெரிய நட்டம் இல்லை.

படத்தின் கதை என்ன?

ரெட்மண்ட் பாரி என்ற அயர்லாந்து இளைஞனின் ஏற்றமும் வீழ்ச்சியும்தான் கதை. உறவுக்காரப் பெண் நோராவின் மேல் கொண்ட காதலால், பாரி ஓர் ஆங்கிலப் படை அதிகாரியோடு துப்பாக்கிச் சண்டைக்கு நிற்கிறான். அவரைக் கொன்றுவிட்டதாக நம்பி ஊரைவிட்டுக் கிளம்புகிறான். வழிப்பறிக்காரர்களிடம் குதிரையையும் பணத்தையும் பறிகொடுத்து, வேறு போக்கின்றிப் பிரிட்டிஷ் படையில் சேர்கிறான். ஐரோப்பிய வல்லரசுகள் மோதிய ஏழாண்டுப் போரின் நடுவே அங்கிருந்து தப்பி, ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் படையிடம் அகப்பட்டு, பிறகு ஒரு சூதாட்டக்காரரை வேவு பார்க்க அனுப்பப்படுகிறான். அவரும் அயர்லாந்துக்காரர் என்று தெரிந்ததும் உண்மையைக் கொட்டிவிட்டு அவருக்கே கூட்டாளி ஆகிறான். கடைசியில் பெருஞ்செல்வச் சீமாட்டியான லேடி லிண்டனை மணக்கிறான். முதல் பாகம் இந்த ஏற்றத்தைச் சொல்கிறது. இரண்டாம் பாகத்தில் பணம், மகன், மானம், ஒரு கால் என ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகின்றன. வில்லியம் மேக்பீஸ் தாக்கரே 1844இல் தொடராக எழுதிய நாவலைத் தழுவிய படம் இது. ஓடும் நேரம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்.

பார்வையாளர்கள் எதில் பிரிகிறார்கள்?

படம் மெதுவானது என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். அழகானது என்பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். படத்தைத் திட்டுபவர்கள்கூட ஒளிப்பதிவைத் திட்டுவதில்லை. பிரிவு அதற்குப் பிறகு தொடங்குகிறது. பாத்திரங்களின் உணர்ச்சிகளைக் கைக்கெட்டாத தூரத்தில் நிறுத்தி வைக்கும் இந்தப் பாணியால் படத்துக்கு ஏதாவது கிடைக்கிறதா, அல்லது இயக்குநரின் குளிர்ந்த மனம்தான் அப்படி வெளிப்படுகிறதா என்பதே உண்மையான வழக்கு. “போரடிக்கிறது” என்றும் “உங்களுக்குப் பொறுமை இல்லை” என்றும் இரு பக்கமும் எறிந்துகொள்ளும் சொற்கள் இந்த வழக்கைத் தொடுவதே இல்லை.

வெளியான காலத்தில் வரவேற்பு எப்படி இருந்தது?

அப்போதும் பிளவுதான். ‘டைம்’ பத்திரிகை தன் அட்டைப்பக்கத்தையே இந்தப் படத்துக்குக் கொடுத்து, உள்ளே விமர்சகர் ரிச்சர்ட் ஷிக்கல் நீண்ட கட்டுரையில் பெரிதும் மதித்து எழுதினார். அதே மாதம் ‘நியூயார்க்கர்’ இதழில் விமர்சகர் பாலின் கேல், வரவேற்பறை மேசையில் அழகுக்காகப் போட்டு வைக்கும் கனமான படப் புத்தகத்தோடு இதை ஒப்பிட்டு ஒதுக்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்கர் விழாவில் ஏழு பரிந்துரைகளில் நான்கை வென்றது. அந்த நான்கும் ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஆடை வடிவமைப்பு, இசைத் தழுவல் ஆகியவற்றுக்குக் கிடைத்தவை. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்றும் கிடைக்கவில்லை. நடிப்புக்குப் பரிந்துரையே இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் பரிசு, கதைக்கும் மனிதர்களுக்கும் இல்லை என்ற அந்தப் பங்கீடே அன்றைய பொதுக் கருத்தைச் சொல்லிவிடுகிறது. பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுகளில் சிறந்த இயக்குநர் விருது குப்ரிக்குக்குக் கிடைத்தது. அமெரிக்கத் திரையரங்குகளில் வார்னர் பிரதர்ஸ் எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை; ஐரோப்பாவில் நிலைமை பரவாயில்லை.

1971இல் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்சு’ என்ற வன்மையான படத்தைக் கொடுத்த இயக்குநரிடமிருந்து அடுத்து வந்த படம் இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிர்ச்சியை எதிர்பார்த்து டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தாழம்பூ வைத்த பெட்டியைத் திறந்து காட்டியது போல் இருந்திருக்கும்.

படம் முழுவதும் ஒரே மாதிரி மெதுவாகவா போகிறது?

இல்லை. இதைத்தான் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் சரியாகச் சொல்வதில்லை. முதல் பாகத்தில் நடக்கும் சம்பவங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு சாகசக் கதைக்குப் போதுமானவை இருக்கும்: இரண்டு துப்பாக்கிச் சண்டைகள் (முதலாவதில் பாரியின் தந்தை படத்தின் முதல் ஷாட்டிலேயே சாகிறார்), வழிப்பறி, முகாமில் குத்துச்சண்டை, ஒரு போர், குளித்துக்கொண்டிருக்கும் அதிகாரியின் சீருடையையும் குதிரையையும் திருடிக்கொண்டு ஓட்டம், வேவு, மாறுவேடத்தில் எல்லை கடத்தல். ஒன்றரை மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் இவ்வளவும் நடக்கும் படத்தைச் சம்பவமே இல்லாத படம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் மெதுவாகத் தோன்றுவது ஏன்? சம்பவங்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் அந்த உணர்வு வரவில்லை. ஒவ்வொரு சம்பவத்தையும் படம் அணுகும் தூரத்தால் வருகிறது. வழிப்பறிக்காரன் பாரியிடம் துப்பாக்கியை நீட்டியபடி மரியாதை குறையாமல் நீண்ட வாக்கியங்களில் பேசுகிறான். போர்க்களத்தில் செஞ்சட்டைப் படை வரிசை கலையாமல், வேகம் கூட்டாமல், சுடுகிறவர்களை நோக்கி நடந்தே போகிறது. விழுந்தவனைத் தாண்டி அடுத்தவன் அதே நடையில் வருகிறான். வேறு எந்த இயக்குநரும் விரைவுபடுத்தும் இடங்களில் குப்ரிக் நடையை மாற்ற மறுக்கிறார்.

இரண்டாம் பாகத்தில் சம்பவங்களே குறைந்து, இந்த நடை மட்டும் மிஞ்சுகிறது. திருமணம், வண்டிப் பயணம், இசைக் கச்சேரி, கணக்குச் சீட்டுகளில் கையெழுத்து, சவ ஊர்வலம் ஆகியவற்றால் ஆனது அது. சலிப்பு என்று புகார் சொல்பவர்களில் பலர் இங்கேதான் எழுந்துபோகிறார்கள். என் கணிப்பில் படத்தின் உயிரும் இங்கேதான் இருக்கிறது.

அந்த மெதுவான நடைக்குக் கதையில் ஏதாவது வேலை இருக்கிறதா?

இருக்கிறது. பாரி நுழைய விரும்பும் உலகம் சடங்குகளால் ஆனது. பேசுவதற்கும் வணங்குவதற்கும் காதலிப்பதற்கும் கொல்வதற்கும் அங்கே முறை உண்டு. அந்த முறைகளை வேகமாகக் கற்றுக்கொண்டு முன்னேறும் பாரி, அவற்றுக்குள் பிறந்தவன் அல்லாததால், ஒரே ஒரு முறை தவறியதும் வெளியே தள்ளப்படுகிறான்.

அந்தத் தவறு நடக்கும் காட்சியைக் கவனியுங்கள். லேடி லிண்டன் வாத்தியம் வாசிக்க, பிரபுக்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் கச்சேரி. முதல் கணவருக்குப் பிறந்த மகன் புல்லிங்டன், தன் பெரிய காலணிகளைத் தம்பிக்கு (பாரியின் மகன் பிரையனுக்கு) மாட்டி டக்கு டக்கென்று நடக்க வைத்து உள்ளே அழைத்து வருகிறான். எல்லோர் முன்னிலும் மாற்றாந்தந்தையைப் பற்றிய தன் வெறுப்பைச் சீரான, அழகான வாக்கியங்களில் சொல்லி முடிக்கிறான். அவன் வெளியேறத் திரும்பும்போது பாரி பாய்ந்து அடிக்கிறான். இரண்டு மணி நேரமாகப் பெரும்பாலும் முக்காலியில் அசையாமல் நின்ற கேமரா அந்த நொடியில் கைக்கு மாறி, கூட்டத்துக்குள் இடிபட்டு, தடுமாறுகிறது. அதுவரை நாம் பட்ட பொறுமை இந்த நொடிக்கான முதலீடு. படம் வழக்கமான வேகத்தில் ஓடியிருந்தால் இது இன்னொரு கைகலப்பு மட்டுமே; இங்கே ஒரு வாழ்க்கையே முறிகிறது. அதன் பிறகு பாரியைத் தேடி ஒரு பிரபுவும் வருவதில்லை.

கேமரா ஏன் அடிக்கடி பின்னோக்கிப் போகிறது?

ஒரு கை, ஒரு முகம், ஒரு துப்பாக்கி என்று அண்மையில் தொடங்கி, ஜூம் மெல்ல விரிந்து, அந்த மனிதர் ஒரு பரந்த நிலக்காட்சியில் சிறு புள்ளியாகும் வரை போவது இந்தப் படத்தின் முத்திரை. கேமரா இடம் பெயராமல் லென்ஸ் மட்டும் விரிவதால், ஆழம் தட்டையாகி, திரை ஓவியத் துணி போல ஆகிவிடுகிறது. இதை எரிச்சலூட்டும் பழக்கம் என்பவர்களைக் குறை சொல்ல முடியாது, எண்ணிக்கையில் அதிகம்தான். ஆனால் அந்த அசைவு சொல்வது தெளிவு: உணர்ச்சியின் பக்கத்தில் தொடங்கி, அதைச் சூழ்ந்த நிலம், மாளிகை, வகுப்பு இவற்றின் அளவைக் காட்டி முடிப்பது. பெரும்பாலான படங்கள் இதற்கு நேர்மாறாக அகலத்திலிருந்து முகத்துக்கு வரும். நம் கண் பழகிய திசைக்கு எதிராகப் படம் மூன்று மணி நேரம் போவதும் சோர்வுக்கு ஒரு காரணம்.

மின்விளக்கே இல்லாமல் எடுத்த படம் என்பது உண்மையா?

பாதி உண்மை. மெழுகுவத்தி எரியும் உள்ளறைக் காட்சிகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் எடுக்கப்பட்டன. அதற்காக, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக ஜெர்மனியின் ஜைஸ் லென்ஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 என்ற மிகப் பெரிய திறப்புள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸைக் குப்ரிக் வாங்கினார்; அதைப் பொருத்துவதற்கு மிட்செல் கேமரா ஒன்றையே கேமரா வல்லுநர் எட் டிஜூலியோவைக் கொண்டு மாற்றியமைத்தார். ஆனால் பகல்நேர உள்ளறைக் காட்சிகள் பலவற்றில், சன்னலுக்கு வெளியே விளக்குகளை வைத்து ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் பகல் வெளிச்சத்தை உண்டாக்கினார். ஒரு மின்விளக்குகூட இல்லை என்று பரவும் செய்தி மிகை.

இந்தத் தொழில்நுட்பத்துக்கும் படத்தின் மெதுவான தன்மைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அவ்வளவு பெரிய திறப்பில் குவியம் தெளியும் ஆழம் மிக மிகக் குறைவு. நடிகர் சற்று முன்னே சாய்ந்தாலே முகம் மங்கிவிடும். தூரத்தைக் கண்காணிக்கப் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். ஆகவே சூதாட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சிலைபோல் அசையாமல் இருப்பதில், நடிப்புத் தேர்வு ஒரு பங்கு என்றால் லென்ஸின் கட்டாயம் இன்னொரு பங்கு. கட்டாயத்தைப் பாணியாக மாற்றிக்கொள்ளத் தெரிந்ததில் குப்ரிக்கின் திறமை தெரிகிறது.

“ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம்” என்பது நியாயமான பாராட்டா?

செய்தியளவில் உண்மை. ஹோகார்த், கெய்ன்ஸ்பரோ, வாட்டோ போன்ற ஓவியர்களைக் குப்ரிக் குழு உட்கார்ந்து ஆராய்ந்தது. ஆடை வடிவமைத்த மிலேனா கனோனெரோவும் உல்லா-பிரிட் சோடர்லுண்டும் அந்த ஓவியங்களையும் அக்காலத்து உண்மையான உடைகளையும் பார்த்தே தைத்தார்கள். வில்டன் ஹவுஸ், காசில் ஹவர்ட், பெட்வொர்த் ஹவுஸ் போன்ற உண்மையான மாளிகைகளில் படமெடுத்தார்கள்.

ஆனாலும் படத்தை விரும்புபவர்கள் இந்த வாக்கியத்தைக் கைவிடுவது நல்லது. ஏனென்றால் எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டும் இதுவேதான். படப் புத்தகம் என்று பாலின் கேல் சொன்னதையே நாம் குரலை மாற்றி வாழ்த்தாகச் சொல்கிறோம். ஒரு சினிமா ஓவியக் கண்காட்சியாக மட்டும் இருக்குமானால் அதற்கு மூன்று மணி நேரமும் கதையும் தேவையில்லை. மேலே சொன்ன கச்சேரிக் காட்சியில் அந்த ஓவியம் கிழிபடுகிறது. படத்துக்காக வாதாட நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

நடக்கப்போவதைக் கதைசொல்லி முன்கூட்டியே சொல்லிவிடுகிறாரே, ஏன்?

மைக்கேல் ஹோர்டர்னின் குரலில் வரும் கதைசொல்லி, பாரியின் மகன் பிரையன் சாகப்போவதையும், பாரி ஏழையாக, தனியாக, பிள்ளையின்றி முடியப்போவதையும் அவை நடப்பதற்கு முன்பே அறிவித்துவிடுகிறார். திடீர்த் திருப்பங்களுக்காகப் படம் பார்ப்பவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். பிரெஞ்சு விமர்சகர் மிஷல் சிமான் கேட்டபோது, இந்தக் கதை ஆச்சரியத்தை நம்பியது அல்ல, என்ன நடக்கும் என்பதைவிட எப்படி நடக்கும் என்பதே முக்கியம் என்ற பொருளில் குப்ரிக் பதில் சொன்னார்.

கர்ணன் சாகப்போவது தெரிந்தே விடிய விடியக் கர்ண மோட்சம் கூத்துப் பார்க்கும் வழக்கமுள்ள நமக்கு இந்த வாதம் புதிதாக இருக்க வேண்டியதில்லை. பிரையனுக்குக் குதிரை வாங்கித் தருவதாகப் பாரி சொல்லும்போது, அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சாதாரண வீட்டுக் காட்சி தாங்க முடியாததாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கதைசொல்லி சொல்வதை எல்லாம் நம்பிவிட வேண்டாம். பாரியை அவர் இகழ்ச்சியாகப் பேசும் இடங்களில் திரையில் தெரியும் பாரி அவ்வளவு மோசமாக இல்லை. சாகும் நண்பன் குரோகனை முத்தமிட்டு அழுபவனும், தன் நாட்டுக்காரரைக் கண்டதும் உடைந்து அழுபவனும் அந்தக் குரல் வருணிக்கும் ஆள் அல்ல. சொல்லுக்கும் காட்சிக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைக் கவனிக்கத் தொடங்கியவருக்குப் படம் அவ்வளவு மெதுவாகத் தெரியாது.

ரயன் ஓ’நீல் நடிப்பு மரம்போல இருக்கிறது என்கிறார்களே?

‘லவ் ஸ்டோரி’ (1970), ‘பேப்பர் மூன்’ (1973) படங்களால் அப்போது உச்சத்தில் இருந்த அமெரிக்க நட்சத்திரம் அவர்; பாரியாக நடித்தவர். அயர்லாந்துக்காரனாக அவர் பேசும் உச்சரிப்பு நிலையாக இல்லை. அதை மறுப்பதில் பயனில்லை. முகத்தில் பெரிய அசைவுகள் இல்லை என்ற புகாரை மட்டும் நான் ஏற்கவில்லை. பாரி என்பவன் எந்தச் சபையில் இருக்கிறானோ அந்தச் சபைக்கு ஏற்ற முகத்தை மாட்டிக்கொள்ளப் பழகியவன். அவனுக்கென்று ஒரு முகம் வெளிப்படும் இடங்கள் அழுகைகள் மட்டுமே. மகனின் மரணப் படுக்கையில், தான் பலமுறை சொன்ன போர்க்கதையை மறுபடி சொல்லத் தொடங்கி முடிக்க முடியாமல் திணறும்போது அந்த நடிகரை மரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். (அந்தக் காட்சி பழைய அழுகைப் படங்களின் பாணிக்குச் சறுக்குகிறது என்று எதிர்த்திசையில் ஒரு புகார் உண்டு. குளிர்ந்த படம் என்றும் அழுகைப் படம் என்றும் ஒரே படத்தைச் சிலர் திட்டுவது வேடிக்கை.)

லேடி லிண்டன் பாத்திரத்துக்கு நியாயம் செய்யப்பட்டிருக்கிறதா?

இல்லை என்றே நினைக்கிறேன். அந்தப் பாத்திரத்தில் நடித்த மரிசா பெரன்சனுக்கு வசனம் மிகக் குறைவு. சூதாட்ட மேசையின் குறுக்கே பாரியும் அவளும் பார்த்துக்கொள்வதும், அவள் காற்று வாங்க எழுந்து நிலாவெளிச்ச மாடத்துக்குப் போவதும், அவன் பின்தொடர்ந்து வந்து கையைப் பற்றுவதும் ஒரு சொல்கூடப் பேசாமல் நடக்கின்றன. காதல் காட்சியாக அது நேர்த்தியானது. அதற்குப் பிறகும் அவளைப் படம் பேச விடாததுதான் குறை. திருமணம் முடிந்து வண்டியில் போகும்போது புகைக்குழாயைச் சற்று நிறுத்தச் சொல்லிக் கேட்கிறாள். பாரி அவள் முகத்தில் புகையை ஊதுகிறான். அவளுடைய மணவாழ்க்கை முழுவதும் அந்த ஒரு ஷாட்டில் வந்துவிடுகிறது என்று ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். வந்துவிடுகிறது என்பது சரிதான். ஆனால் பாரியின் ஒவ்வோர் அவமானத்துக்கும் நிமிடங்களைச் செலவழிக்கும் படம், அவள் விஷம் குடிக்கும் அளவுக்கு வந்த துயரத்தை வெளியிலிருந்தே பார்க்கிறது. மெதுவான படத்தில் நேரமில்லை என்று காரணம் சொல்ல முடியாது.

ஒரே இசை திரும்பத் திரும்ப வருவது சலிப்பாக இல்லையா?

இசையமைப்பாளர் ஹாண்டலின் சரபாந்த் என்ற மெதுவான நடன இசைத் துண்டு தொடக்கத்திலும், துப்பாக்கிச் சண்டைகளிலும், சவ ஊர்வலத்திலும், முடிவிலும் வருகிறது. ஒவ்வொரு முறையும் வாத்தியக் கட்டு மாறுகிறது: சில இடங்களில் முழுக்குழு, கடைசிச் சண்டையில் முரசும் அடித்தந்திகளும் மட்டும் எலும்புக்கூடு போல. மாடத்துக் காதல் காட்சியில் வருவது ஷூபர்ட்டின் பியானோ ட்ரியோ, அதாவது பியானோவோடு வேறு இரண்டு வாத்தியங்கள் சேரும் இசை. அது 1827இல் எழுதப்பட்டது. கதை நடக்கும் காலத்துக்குப் பல பத்தாண்டுகள் பிந்தியது. உடையிலும் விளக்கிலும் அவ்வளவு கறாராக இருந்த குப்ரிக் இசையில் விதியை மீறியதற்குக் காரணம், பதினெட்டாம் நூற்றாண்டு இசைத்தட்டுகளைக் கேட்டுப் பார்த்தும் காதலின் சோகத்துக்கு ஏற்ற துண்டு அவருக்கு அகப்படவில்லை என்பதே.

கடைசித் துப்பாக்கிச் சண்டை ஏன் அவ்வளவு நீளம்?

தாக்கரேயின் நாவலில் இந்தச் சண்டையே கிடையாது. குப்ரிக் புதிதாகச் சேர்த்தார். அவரும் படத்தொகுப்பாளர் டோனி லாசனும் அதை வெட்டி ஒட்ட 42 வேலை நாட்கள் எடுத்துக்கொண்டார்கள். புறாக்கள் சடசடக்கும் பழைய களஞ்சியம் ஒன்றில் பாரியும் வளர்ந்த புல்லிங்டனும் எதிரெதிரே நிற்கிறார்கள். முதலில் சுடுவது யார் என்று காசு சுண்டிப் பார்க்கிறார்கள். முறை புல்லிங்டனுக்கு வருகிறது. துப்பாக்கியைத் தயார் செய்யும்போதே அது வெடித்துத் தரையில் போகிறது. விதிப்படி அதுவும் ஒரு சூடு. இனி அவன் அசையாமல் நின்று பாரியின் குண்டை ஏற்க வேண்டும். பயத்தில் மூலைக்குப் போய் வாந்தி எடுக்கிறான். பிறகு வந்து நிற்கிறான். பாரி அவனைப் பார்த்துவிட்டுத் தரையில் சுடுகிறான். இதோடு நிறைவடைந்தீர்களா என்று புல்லிங்டனைக் கேட்கிறார்கள், இல்லை என்கிறான். அடுத்த குண்டு பாரியின் காலில் பாய்கிறது.

படத்தில் பாரி செய்யும் ஒரே பெருந்தன்மையான செயல் அவனை அழிக்கிறது. இந்தச் சண்டையில் இருக்கும் பயம் முழுவதும் காத்திருப்பில் இருக்கிறது. நடுவர் விதிகளை வாசிக்கிறார், துப்பாக்கி நிரப்பப்படுகிறது, தயாரா என்று கேட்கப்படுகிறது, தயார் என்று பதில் வருகிறது. ஒவ்வொன்றும் தன் முழு நேரத்தை எடுத்துக்கொள்கிறது. சண்டையைச் சுருக்கினால் மிஞ்சுவது மூன்று வெடிச்சத்தம்தான். மெதுவாக இருப்பது பயனற்றது என்று நினைப்பவரிடம் வாதாடுவதைவிட, மூன்று மணி நேரத்தையும் விட்டுவிட்டு இந்த ஒரு காட்சியைப் போட்டுக் காட்டலாம். முன்கதை தெரியாதவர்கூட இருக்கையை இறுகப் பிடித்துக்கொள்வார்.

நாவலைப் படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா?

தேவையில்லை. நாவலில் பாரியே தன் கதையைத் தற்பெருமையோடு சொல்கிறான். அவன் புளுகுவது நமக்குப் புரியும், அதில் நகைச்சுவை பிறக்கும். குப்ரிக் அந்தக் குரலை எடுத்துவிட்டு வெளியாள் ஒருவரின் குரலை வைத்தார். நாவலைப் படித்தவர்கள் படத்தில் சிரிப்பு குறைந்துவிட்டது என்று வருந்துவது உண்டு. குறையவில்லை, உலர்ந்திருக்கிறது, வழிப்பறிக்காரனின் மரியாதையை மறுபடி பாருங்கள்.

பிடிக்காதவர்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. கடுமையாக எதிர்த்த விமர்சகர்கள் தொழிலாகவே நீண்ட படங்களைப் பார்த்தவர்கள். வேறு நாட்டு மெதுவான படங்களை உருகி ரசித்துவிட்டு இதை மட்டும் மறுப்பவர்களும் இருக்கிறார்கள்; அவர்கள் கேட்பது வேகத்தை அல்ல, வெதுவெதுப்பை. அதைக் கேட்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டு.

காலப்போக்கில் மதிப்பு மாறியதா?

வெகுவாக. குப்ரிக் படங்களில் தான் அடிக்கடி திரும்பிப் போவது இதற்குத்தான் என்ற பொருளில் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி சொல்லியிருக்கிறார். பத்தாண்டுக்கு ஒரு முறை ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில், 2022இல் உலகின் முதல் ஐம்பது படங்களுக்குள் இது இடம்பெற்றது. பார்க்கும் கருவிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய வீடியோ நாடாவில், சிறிய தொலைக்காட்சிப் பெட்டியில், மெழுகுவத்திக் காட்சிகள் பழுப்புக் குழம்பாகத்தான் தெரிந்திருக்கும். அப்படிப் பார்த்தவர்களுக்கு மெதுவான நடை மட்டுமே கிடைத்தது, அதற்கு ஈடாகக் கண்ணுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை.

எந்தப் பதிப்பில் பார்ப்பது நல்லது?

திரை அகல விகிதத்தைக் கவனியுங்கள். 1.66க்கு 1 என்ற விகிதத்தில் (அகலம் உயரத்தைப்போல் 1.66 மடங்கு) படத்தைக் காட்ட வேண்டும் என்று 1975 டிசம்பரில் திரையரங்குகளில் புரொஜெக்டரை இயக்குபவர்களுக்கே குப்ரிக் கடிதம் அனுப்பியிருந்தார். 2011இல் வந்த புளூ-ரே பதிப்பு 1.78 விகிதத்தில் மேலும் கீழும் சற்று வெட்டுப்பட்டு வந்து பெரிய சச்சரவைக் கிளப்பியது. 2017இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட பதிப்பு 1.66க்குத் திரும்பியது. அதுவோ அதற்குப் பிந்திய 4கே பதிப்போ கிடைத்தால் அதைப் பாருங்கள். கைபேசியில் வேண்டாம், அறை விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஒரே மூச்சில் பார்க்க வேண்டுமா? பாதியில் நிறுத்தியவர்கள் எங்கிருந்து தொடரலாம்?

ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. படத்துக்கே இடைவேளை உண்டு. லேடி லிண்டனின் முதல் கணவர் சர் சார்ல்ஸ் லிண்டனின் மரணச் செய்தியோடு முதல் பாகம் முடிகிறது. அங்கே நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்வதால் ஒன்றும் கெட்டுப்போகாது. முதல் பாகத்தின் நடுவே விட்டுவிட்டவர்கள், பிரஷ்ய உளவுக் கதை தொடங்கும் இடத்திலிருந்து எடுக்கலாம். அதற்கு முந்தியதை மேலே எழுதிய கதைச் சுருக்கம் ஈடுசெய்யும். இரண்டாம் பாகத்தில் விட்டவர்கள் மட்டும் விட்ட இடத்தில் தொடர வேண்டாம், 1773 ஜூன் 15 திருமணக் காட்சிக்கே திரும்பிப் போங்கள். அங்கிருந்து கச்சேரிக் காட்சி வரை நிறுத்தாமல் பார்த்தும் ஒட்டவில்லை என்றால், இந்தப் படம் உங்களுக்கானது இல்லை என்று தயங்காமல் முடிவு செய்துகொள்ளலாம்.